கோகோ விவசாயிக்கு உதவும் முன் கணக்கைப் பாருங்கள்

கானாவின் அஷாந்தி பகுதியில் உள்ள ஒரு கோகோ கூட்டுறவுச் சங்கத்துக்குப் பழைய துணியும் பள்ளிப் பையும் கன்டெய்னரில் அனுப்பப் போவதாக, உதவ விரும்புபவர்களிடமிருந்து மறுபடியும் எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. துறைமுகக் கட்டணம், சுங்கம், லாரி வாடகை எல்லாம் சங்கத்தின் தலையில்தான் விழும் என்று எத்தனை முறை எழுதுவது? அக்ராவின் கன்டமன்டோ சந்தையில் வந்து குவியும் பழைய துணியை என்ன செய்வதென்று தெரியாமல் அந்த நகரமே தவிக்கிறது.

இத்தகைய சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழில். துணியைவிட அந்தக் கடிதத்தின் இன்னொரு வரிதான் என்னை வருத்தியது: "நாங்கள் நியாய வணிக முத்திரை உள்ள சாக்லேட் மட்டுமே வாங்குகிறோம். அதனால் விலைப் பிரச்சினை தீர்ந்துவிட்டது."

தீரவில்லை. 2019 அக்டோபர் முதல், ஃபேர்ட்ரேட் என்ற அந்த நியாய வணிக முத்திரையின் விதிப்படி ஒரு டன் கோகோவுக்கு விலைக்கு மேல் சங்கம் பெறும் கூடுதல் தொகை 240 டாலர். 100 கிராம் கறுப்புச் சாக்லேட்டுக்கு ஏறத்தாழ 90 கிராம் கோகோ கொட்டை தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சாக்லேட்டில் கூடுதல் தொகையின் பங்கு சுமார் 2 சென்ட். பால் சாக்லேட்டில் அதைவிடக் குறைவு.

அந்த 240 டாலரும் விவசாயியின் கையில் தரும் கூலி அல்ல. சங்கத்தின் கணக்குக்கு வருகிறது. கிணறா, உரமா, பள்ளிக் கட்டடமா, ரொக்கப் பங்கா என்று பொதுக்குழு கூடி முடிவு செய்கிறது. அதுவும் முத்திரை விதிப்படி விற்ற கொட்டைக்கு மட்டுமே. முத்திரைச் சான்றிதழ் பெற்ற சங்கங்கள் பலவற்றால் விளைச்சல் முழுவதையும் அப்படி விற்க முடிவதில்லை. வாங்க ஆளில்லாத மீதி சாதாரணக் கொட்டையாகவே போகிறது. மூன்று ஹெக்டேர் வைத்திருப்பவர் ஹெக்டேருக்கு 450 கிலோ எடுத்தால் ஆண்டுக்கு 1,350 கிலோ. அத்தனையும் விதிப்படி விற்றாலும் அவர் கொட்டைக்கான கூடுதல் தொகை 324 டாலர். பாதி விற்றால் 162. இதை வைத்து ஒரு குடும்பத்தின் வறுமை தீர்ந்துவிட்டது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அதற்காக முத்திரைச் சாக்லேட்டை விட்டுவிடாதீர்கள். 2016-17இல் உலகச் சந்தை சரிந்தபோது ஐவரி கோஸ்டில் அரசு நிர்ணயித்த கொள்முதல் விலை கிலோ 1,100 பிராங்கிலிருந்து 700க்கு இறங்கியது. அத்தகைய ஆண்டுகளில் சான்றிதழ் பெற்ற சங்கங்களைத் தாங்கிப் பிடிப்பது, சந்தை சரிந்தாலும் இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஃபேர்ட்ரேட் வைத்திருக்கும் அடிப்படை விலைதான். சாக்லேட்டையே புறக்கணிக்கலாம் என்பவர்களுக்கும் சொல்கிறேன்: உலகக் கோகோவில் ஏறத்தாழ பாதி விளைவது கானா, ஐவரி கோஸ்ட் என்ற இந்த இரண்டு நாடுகளில். கொட்டை விற்காமல் போனால் முதலில் பட்டினி கிடப்பவர் விவசாயிதான்.

விற்பவரிடம் கேளுங்கள். எந்தச் சங்கத்திடம் வாங்குகிறீர்கள், எத்தனை ஆண்டு ஒப்பந்தம், டன்னுக்கு என்ன விலை? பதில் எழுத்தில் வராவிட்டால் வேறு கடை பாருங்கள். 1993இல் கானாவில் குவாபா கோகோ சங்கம் தொடங்கியபோது, தராசில் ஏமாற்றுவதைத் தடுக்க எடை போடுபவரை விவசாயிகளே தேர்ந்தெடுத்தார்கள். பிறகு டிவைன் சாக்லேட் நிறுவனத்தில் பங்குதாரர்களாகவும் ஆனார்கள். எந்தச் சங்கத்தின் கணக்கைத் திறந்தாலும் எடைப் பதிவேட்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

நேரடியாக உதவ வேண்டுமா? பணமாக அனுப்புங்கள், மொபைல் வழியாக. பெரிய அறுவடை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய மாதங்களில்தான் கையிருப்பு தீர்ந்து, மரத்தில் நிற்கும் காயைக் காட்டிக் கொள்முதல்காரரிடம் கடன் வாங்குகிறார்கள். ஜூலையில் வரும் சிறு தொகை அந்தக் கடனைத் தவிர்க்கும். கிறிஸ்துமஸ் நன்கொடை வரும்போது கடன் ஏற்கெனவே ஏறிவிட்டிருக்கும்.

யாருக்குப் போகிறது என்பதையும் தயவுசெய்து பாருங்கள். சங்கப் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் நில உரிமையாளர் பெயர். கானாவில் அபுசா முறையில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு. நம் ஊர் வாரச் சாகுபடி மாதிரி. காயை வெட்டி, உடைத்து, வாழை இலை மூடிப் புளிக்கவைத்து, உலர்த்துபவர் அவர். அவர் பெயர் பல பதிவேடுகளில் கிடையாது. மனைவியின் பெயரும் அப்படித்தான். நெஸ்லே 2022இல் தொடங்கிய ஊக்கத்தொகைத் திட்டத்தில் கணவன், மனைவி இருவருக்கும் தொகையைப் பிரித்து அனுப்புகிறார்கள். அந்த ஏற்பாட்டை மற்றவர்களும் எடுத்துக்கொள்ளலாம். பெறுபவர் பட்டியலில் வாரக்காரர் இருக்கிறாரா, மனைவிக்குத் தனி மொபைல் எண் இருக்கிறதா என்று சங்கச் செயலாளரிடம் கேட்டு, பதில் வந்த பிறகு அனுப்புங்கள்.