ரோபோ மாப்: ஒரு வெட்டி ஆளுக்குத் தமிழ்ப் பெயர்

அட்டைப்பெட்டி மேல் மூன்று சொற்கள் இருந்தன: ரோபோ, வேக்குவம், மாப். தானே சுற்றி வந்து தரையைக் கூட்டித் துடைக்கும் இயந்திரம். தருமபுரியில் எங்கள் வீட்டுக்கு அது வந்த அன்று ஆயா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "இதுக்குப் பேரு என்னடா?" சொன்னேன். "அது இங்கிலீசு. நம்ம பேச்சுல என்ன?"

பதில் யோசிப்பதற்குள் அந்த வட்டமான கறுப்புத் தட்டு முனகிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிட்டது. "ஆமையாட்டம் போவுது பாரு" என்று சிரித்த ஆயா, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பதை நம்புகிற தலைமுறை. ஆக, எளிதாகக் கிடைத்த ஒரு நல்ல பெயர் முதல் நாளே அடிபட்டுப் போயிற்று.

அதற்கப்புறம் அந்த மூன்று சொல்லையும் ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்தேன். பெயர் தேடத்தான் போனேன். ஆனால் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் விற்கிற இந்தச் சாமான் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது விளம்பரத்தைவிடச் சொல்லாராய்ச்சியில் தெளிவாகத் தெரிந்தது.

முதலில் ரோபோ. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தில்தான் இந்தச் சொல் பிறந்தது. மறு ஆண்டு அது பிராகா நகரில் மேடையேறியது. நாடகத்தில் வரும் செயற்கைத் தொழிலாளிகளுக்கு லத்தீனிலிருந்து 'லபோரி' என்று ஏதாவது வைக்கலாமா என்று காரெல் குழம்பியிருக்கிறார். ஓவியரான அண்ணன் யோசெப், வாயில் தூரிகையைக் கவ்வியபடியே, "அப்படியானால் ரோபோட் என்று வையேன்" என்றாராம். இதைக் காரெலே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் பண்ணையாருக்குக் குடியானவர்கள் கூலியில்லாமல் செய்து தர வேண்டிய கட்டாய வேலை. ஆஸ்திரியப் பேரரசில் அந்த வழக்கம் 1848இல்தான் ஒழிந்தது.

தமிழில் நாம் வழக்கமாக 'இயந்திர மனிதன்' என்கிறோம். இது இரண்டு பக்கமும் இடிக்கிறது. சாப்பெக்கின் ரோபோட்டுகள் இரும்பால் ஆனவை அல்ல. மாவு பிசைவது போலக் கலந்து பிசைந்து, தசையும் நரம்புமாக உண்டாக்கப்பட்டவை. அதனால் 'இயந்திரம்' பொருந்தவில்லை. எங்கள் வீட்டுத் தட்டுக்கோ கையும் இல்லை காலும் இல்லை, அதனால் 'மனிதன்' பொருந்தவில்லை. 'தானியங்கி' பரவாயில்லை, ஆனால் தானாக நிற்கும் மோட்டாரும் தானியங்கிதான். 'பொறி' நல்ல பழைய சொல். மதுரை மதில் மேல் இருந்த கருவிகளில் ஒன்றாகச் சிலப்பதிகாரம் 'வளைவிற்பொறி'யைச் சொல்கிறது. தானே வளைந்து எய்யும் வில் என்று அதற்கு உரை. ஆள் இல்லாமல் வேலை செய்கிற கருவி என்ற எண்ணம் நமக்கு ஒன்றும் புதிதல்ல.

ஆனால் ரோபோட்டா என்ற வேருக்கு நேரான தமிழ்ச் சொல்லைக் கேட்டால், அது 'வெட்டி'. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிகள், கடமைகளோடு வெட்டியும் வரும். கூலி வாங்காமல் உழைத்துத் தர வேண்டிய கட்டாய வேலை என்று பொருள். வடமொழி 'விஷ்டி'யோடு இதைச் சேர்த்துச் சொல்வார்கள். கூலி இல்லாத வேலை, பயன் இல்லாத வேலை என்று தேய்ந்து, இன்றைக்கு 'வெட்டியா சுத்துறான்' என்பதில் வந்து நிற்கிறது. ஆக, ரோபோ என்றால் சுத்தத் தமிழில் வெட்டி ஆள். ஆயாவிடம் சொன்னேன். "பதினஞ்சாயிரம் குடுத்து வெட்டி ஆள வாங்கினியா?" என்றாள். சொல்லாராய்ச்சிக்கு வீட்டில் மரியாதை அவ்வளவுதான்.

அடுத்து வேக்குவம். லத்தீனில் 'வேக்குவுஸ்' என்றால் காலி. தமிழில் 'வெற்றிடம்', அதாவது வெறுமையான இடம். பாடப்புத்தகத்திலிருந்து அரசியல் மேடை வரை நன்றாகப் புழங்குகிற சொல். 1901இல் இலண்டனில் ஹ்யூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் தூசியை உறிஞ்சும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றபோதுதான் இந்தச் சொல் வீடு கூட்டும் வேலைக்குள் வந்தது. அவர் அதற்கு முன் பார்த்த இயந்திரம் காற்றை ஊதித் தூசியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. ஊதுவதற்குப் பதில் இழுத்தால் என்ன என்று தோன்றி, சாப்பாட்டுக் கடை நாற்காலி மேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தாராம். துணியின் அடிப்பக்கம் கறுப்பாகியிருந்தது. அவர் செய்த இயந்திரத்தைக் குதிரை இழுத்து வந்து தெருவில் நிறுத்த, ஜன்னல் வழியாகக் குழாய்கள் வீட்டுக்குள் போகும். வீட்டுக்குள் தானே சுற்றுகிற இப்போதைய வகை கடைக்கு வந்தது 2001இல். ஸ்வீடன் நாட்டு நிறுவனம் ஒன்று, என்றோ அழிந்துபோன கடல் உயிரியான ட்ரைலோபைட்டின் பெயரை அதற்கு வைத்தது. ஓட்டோடு தரையில் ஊர்கிற உயிர் அது. ஆயாவுக்குத் தோன்றியதுதான் அவர்களுக்கும் தோன்றியிருக்கிறது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது இந்த உறிஞ்சும் எண்ணைத்தான். எங்களுடையதில் 2500 பாஸ்கல். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமே சுமார் 1,01,325 பாஸ்கல். அதில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைத்தான் இது குறைக்கிறது. வெற்றிடம் எங்கே இருக்கிறது? இன்னொரு கணக்கும் போடலாம். 2500 பாஸ்கல் என்பது தண்ணீரை 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு இழுக்கும் பலம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. பென்னாகரம் சாலையில் நின்று இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சும்போது கிட்டத்தட்ட இவ்வளவைத்தான் நாமும் செய்கிறோம். இயந்திரம் நம்மைவிட ஏராளமான காற்றை இழுத்துத் தள்ளும் என்பது உண்மை, தூசியை அள்ளுவதும் அந்தக் காற்றோட்டம்தான். ஆனால் பெட்டியில் போடுவது காற்றோட்டத்தை அல்ல, உறிஞ்சும் வாயை அடைத்துவைத்து அளந்த அழுத்தத்தை. ஆகவே 'வெற்றிட' என்று தொடங்கும் மொழிபெயர்ப்புகளை விட்டுவிடலாம். 'தூசு உறிஞ்சி' போதும். செய்கிறதை மட்டும் சொல்கிற பெயர்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. மாப். லத்தீனில் 'மப்பா' என்றால் கைத்துணி. அதிலிருந்து வந்ததுதான் மாப். உலகத்தைத் துணியில் வரைந்ததால் 'மப்பா முண்டி', அதாவது உலகத் துணி, அதிலிருந்து வந்தது மேப். மாப்பும் மேப்பும் ஒரே துணியில் கிழித்தவை. (நம் ஊரிலும் துணிக்கு இப்படி ஒரு விளையாட்டு உண்டு. பழந்தமிழில் 'தூசு' என்றாலே துணிதான்.) விலை கூடிய இயந்திரங்கள் லேசர் கதிரைச் சுழற்றி வீட்டின் வரைபடத்தைப் போட்டுக்கொண்டு வரிசையாகப் போகும். விலை குறைந்தவை பலவற்றில் மாப் இருக்கும், மேப் இருக்காது. முட்டும், திரும்பும், மறுபடி முட்டும். ஒரே மூலையை நான்கு முறை துடைத்துவிட்டு, சோபாவுக்குப் பின்னால் போகாமலே சார்ஜருக்குத் திரும்பும். வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

மாப்புக்குத் தமிழ் என்ன? இங்கேதான் தமிழ் நம்மைத் திக்குமுக்காட வைக்கிறது, ஏனென்றால் வீட்டுத் தரையைச் சுத்தம் செய்ய நம்மிடம் வினைச்சொற்கள் அப்படிக் கிடக்கின்றன. கூட்டு, பெருக்கு, விளக்கு, துடை, ஒற்று, கழுவு, மெழுகு. கருவிகளின் பெயர்களிலும் அவை ஒளிந்திருக்கின்றன. விளக்குமாறு என்பது விளக்குகிற மாறு, மாறு என்றால் குச்சிக்கட்டு. சீமாறில் உள்ள 'சீ' பெருக்கித் தள்ளுவதைக் குறிக்கும் பழைய வினை. துடைப்பம் மட்டும் ஒரு விசித்திரம். பெயரில் துடை இருக்கிறது, செய்வதோ கூட்டுகிற வேலை.

துடைப்பதும் மெழுகுவதும் ஒன்றல்ல. துடைத்தால் இருப்பது போகும். மெழுகினால் இல்லாதது ஒரு பூச்சாக வந்து சேரும். சாணத்தால் மெழுகிய திண்ணையில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓசூர்ப் பக்கம் போனால் தெலுங்கில் சாணி மெழுகுவதற்கு 'அலுகு', துடைப்பதற்கு 'துடுச்சு'. கன்னடத்தில் 'சாரிசு', 'ஒரெசு'. மூன்று மொழிக்காரர்களும் கலந்து வாழும் இந்த வட்டாரத்தில் யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. ஆங்கிலச் சொல் மட்டும் தொடக்கத்திலேயே குழப்பம். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில், கப்பல் தளத்தைத் துடைக்கவும் அதன்மேல் கீல் (தார்) பூசவும் கோலில் கட்டிய அதே துணியைத்தான் மாப் என்றார்கள்.

திருநாவுக்கரசர் திருவாரூர்ப் பதிகத்தில் தன் நெஞ்சுக்கு வேலை சொல்கிறார்: 'புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்கும் இட்டு'. அலகு என்றால் விளக்குமாறு. முதலில் கூட்டு, அப்புறம் மெழுகு. இந்த வரிசையை மாற்ற முடியாது. தூசி போகாமல் ஈரம் பட்டால் அது சேறு.

மலிவான இயந்திரத்தின் கோளாறு முழுவதும் இந்த வரிசையில் இருக்கிறது. முன்பக்கம் உறிஞ்சி, பின்பக்கம் ஈரத்துணி. இரண்டும் ஒரே ஓட்டத்தில். முன்னால் விட்டுப்போன தூசி பின்னால் துணியில் சிக்கி அடுத்த அறை வரை ஊர்வலம் போகிறது. வாசலில் கோலமாவு கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. அதன்மேல் ஒரு முறை ஓடியது. தரை காய்ந்ததும் கூடம் முழுக்க வெள்ளையாக வளைந்து வளைந்து கோடு. நம்ம ஆள் துடைக்கவில்லை, சுத்தமாக மெழுகியிருக்கிறார்! ராகி சிந்தியபோது இன்னும் வேடிக்கை. ஓரத்தில் சுழலும் குட்டித் துடைப்பம் ராகியை உள்ளே தள்ளுவதற்குப் பதில் நாலாபுறமும் விசிறியடித்தது. கனகாம்பரம் கட்டிய நாரும் தலைமுடியும் அடியில் உருளும் பிரஷ்ஷில் சுற்றிக்கொண்டன. அதைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க உட்கார்ந்தபோது, இந்த வீட்டில் யார் வெட்டி ஆள் என்ற சந்தேகமே வந்துவிட்டது.

தண்ணீர் இன்னொரு சங்கதி. தொட்டியில் கால் லிட்டர்தான் பிடிக்கும். அது சொட்டுச் சொட்டாகத் துணியில் இறங்குகிறது. எங்கள் போர் தண்ணீரை ஊற்றினேன். மூன்றாவது வாரம் துணி காய்ந்தே கிடந்தது. சொட்டும் துளைகளில் உப்பு வெள்ளையாகப் படிந்து அடைத்துவிட்டது. இப்போது ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்ததை மட்டும் ஊற்றுகிறேன். குடிக்கிற தண்ணீரை இதற்கு ஊற்றுவதை ஆயா இன்னும் மன்னிக்கவில்லை. துணி அழுந்தித் தேய்ப்பதும் இல்லை, சும்மா இழுபடுகிறது. காய்ந்த சாம்பார்த் துளியின் மேல் ஆறு தடவை போய் வந்தும் துளி அப்படியே இருந்தது. இதற்குச் சரியான வினை துடைத்தல்கூட அல்ல, ஒற்றுதல்.

காவேரிப்பட்டணத்தில் சித்தி வீட்டுக்கு எடுத்துப் போனது தனிக் கதை. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கருங்கல் கிரானைட்டை அறைகளைச் சுற்றி அகலமான பட்டையாகப் பதித்திருக்கிறார்கள். இயந்திரம் அந்தக் கறுப்புப் பட்டைக்கு வந்ததும் நின்றது, பின்வாங்கியது, பள்ளம் என்று கத்தியது. மாடிப்படியில் விழாமல் இருக்க அடியில் அகச்சிவப்புக் கதிரை விட்டு, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கும் கண்கள் இருக்கின்றன. கறுப்புத் தரை அந்தக் கதிரை விழுங்கிவிடுவதால் அதற்கு எல்லாமே கிணறு. "கல்லு விக்கிற ஊருல கல்லப் பாத்தே பயப்படுதே இது" என்றார் சித்தப்பா. அந்தக் கண்கள் மேல் டேப் ஒட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். மாடி வீட்டில் அதைச் செய்யாதீர்கள். நிலைப்படி தாண்டாது என்பதைச் சொல்லவே வேண்டாம். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏறுவது இந்த விலையில் உள்ளவற்றுக்கு முடியாத காரியம்.

நல்லதும் உண்டு. கட்டிலுக்கு அடியில், பீரோ இடுக்கில், குனிய முடியாத இடத்தில் தினமும் போய் வருகிறது. தேசிய நெடுஞ்சாலைப் பக்கம் வீடு இருப்பவர்களுக்குத் தெரியும், காலையில் கூட்டினால் மதியம் காலில் நறநறக்கும். அந்தத் தூசிக்கு இது சரியான ஆள். மாப்பைக் கழற்றி வைத்துவிட்டு உறிஞ்சியாக மட்டும் ஓட்டினால் கொடுத்த காசுக்குக் குறை சொல்ல மாட்டேன். இரண்டையும் சேர்த்து எதிர்பார்த்தால் மெழுக்குத்தான் மிஞ்சும்.

சரி, பெயர். அழிப்பான், தெளிப்பான் போல 'துடைப்பான்' என்று சிலர் எழுதுகிறார்கள். சொல்லில் குற்றமில்லை, பொருளில்தான் பொய். 'ரோபோ' இருந்துவிட்டுப் போகட்டும், பஸ்ஸும் காபியும் இல்லையா? எழுத்தில் வேண்டுமானால் 'தானியங்கித் தூசு உறிஞ்சி' என்பேன். மாப்போடு வருவதை 'உறிஞ்சி மெழுக்கி' என்பேன். விற்கிறவர்களுக்கு அது பிடிக்காது.

போன வாரம் ஆயா சின்ன ஆயாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். வேலையெல்லாம் ஆயிற்றா என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "ஆமெ கூட்டிடுச்சி. தொடைக்கறது நான் தொடச்சிட்டேன்."