அம்மாவுக்குத் தினசரி ஊசி, மகனுக்கு வார ஊசி

போன டிசம்பரில் ஒரு காலை. கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகனோடு வந்திருந்தார். 56 வயது, கொழுந்து பறிக்கும் வேலை. எட்டு வருடமாகக் காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. நாற்காலியில் உட்காரும்போதே மகன் கைபேசியை என் பக்கம் நீட்டினார்.

"சார், வாரத்துக்கு ஒரே ஒரு ஊசி வந்திருக்காமே. சர்க்கரையும் இறங்குதாம், எடையும் குறையுதாம். அம்மாவுக்கு அதுக்கே மாத்திடலாமா? தினமும் ரெண்டு தடவை குத்திக்கிறதைப் பார்க்க முடியல."

அம்மா மேல் உள்ள பாசத்தில் வந்த கேள்வி. குன்னூரில் என் கிளினிக்கில் இதை யாராவது கேட்காத வாரமே இப்போது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். இருவரின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

குழப்பம் "ஊசி" என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. இரண்டுமே பேனா வடிவிலும் வருகின்றன, இரண்டையும் வயிற்றில்தான் போடுகிறார்கள். ஆனால் உள்ளே இருக்கும் மருந்துகள் வேறு வேறு.

இன்சுலின் என்பது கணையம் சுரக்க வேண்டியதை நாம் வெளியிலிருந்து கொடுப்பது. 1921-இல் டொராண்டோவில் கண்டுபிடித்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலில் போட்டார்கள். அதற்கு முன்பு முதல் வகைச் சர்க்கரை நோய் (கணையம் இன்சுலினையே சுரக்காமல் போகும் வகை) வந்த குழந்தைகள் பிழைக்க வழியே இல்லை. இன்றும் முதல் வகைக்காரர்கள் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகிவிடும். அந்த இடத்தை மகன் கேட்ட வார ஊசிகளால் நிரப்ப முடியாது.

வார ஊசிகளின் வழி வேறு. சாப்பிட்டதும் நம் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. "சாப்பாடு வந்துவிட்டது, இன்சுலினை விடு" என்று கணையத்துக்குச் சொல்வது அதுதான். மூளைக்குப் "போதும்" என்று சொல்வதும், இரைப்பை மெதுவாகக் காலியாகும்படி செய்வதும் அதுவே. இயற்கையான ஜிஎல்பி-1 இரண்டு மூன்று நிமிடங்களில் அழிந்துவிடும். அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற பல்லியின் உமிழ்நீரில் இதைப் போலவே வேலை செய்து, நீண்ட நேரம் அழியாமல் இருக்கும் ஒரு பொருள் கிடைத்தது. அதிலிருந்து வந்த எக்சனடைடு 2005-இல் மருந்தானது. பிறகு தினமும் போடும் லிராகுளுட்டைடு, வாரம் ஒருமுறை போடும் டுலாகுளுட்டைடு, செமாகுளுட்டைடு என்று வரிசையாக வந்தன. டிர்செபடைடு ஜிஎல்பி-1-உடன் ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. மவுன்ஜாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது இதுதான். செமாகுளுட்டைடு எடைக்கான ஊசியாக, வெகோவி என்ற பெயரில், அதே ஆண்டு ஜூனில் வந்தது.

இவை கணையத்தைத் தட்டி எழுப்பும் மருந்துகள். தட்டினால் திறக்க உள்ளே ஆள் இருக்க வேண்டும் அல்லவா? கணையத்தில் இன்சுலின் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க சி-பெப்டைடு என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. பல வருடம் இன்சுலின் போடுகிறவர், அதிலும் ஒல்லியானவர், அதை நிறுத்த நினைத்தால் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

அந்த அம்மாவின் எடை 44 கிலோ. சி-பெப்டைடு மிகக் குறைவாக வந்தது. இன்சுலினை நிறுத்தி வார ஊசி போட்டால் பசி அடங்கி இன்னும் மெலிவார், சர்க்கரையோ ஏறும். சரி, இன்சுலின் போட்டும் ஏன் ஒருநாள் 80, மறுநாள் 340 என்று ஆடுகிறது? மகன் புது மருந்து தேடியதே அதனால்தான்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தொப்புளுக்கு இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழ அளவில் கட்டி, ரப்பர் மாதிரி. "இங்க போட்டா வலிக்கறதே இல்ல சார், அதான் எப்பவும் இங்கயே" என்றார். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கொழுப்பு தடித்துப்போன கட்டி அது. ஒரே ஊசிமுனையை மாதக்கணக்கில் பயன்படுத்தியதும் சேர்ந்துகொண்டது. அந்தக் கட்டிக்குள் போகும் இன்சுலின் ஒருநாள் சேரும், ஒருநாள் சேராது. இடத்தை மாற்றச் சொன்னேன். கூடவே அளவையும் குறைத்தேன். நல்ல தோலில் போடும்போது மருந்து முழுவதும் சேரும், பழைய அளவையே போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். மூன்று வாரத்தில் அந்த ஆட்டம் நின்றது. இன்சுலின் போடுகிற எல்லோரும் இன்றைக்கே வயிற்றைத் தடவிப் பாருங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். இன்சுலின் வெயிலில் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல் வெள்ளையாகக் கிடக்கும் இரவில், வண்டிக்குள்ளோ ஜன்னல் விளிம்பிலோ வைத்த மருந்து காலையில் வீணாகியிருக்கும். உருகிய பிறகு பார்த்தால் சாதாரணமாகவே தெரியலாம். நம்பாதீர்கள், தூக்கிப் போடுங்கள். வார ஊசிகளுக்கும் இதே கதிதான். கோவையில் வாங்கி ஐஸ் பையோடு ஒட்டவைத்து மேலே கொண்டுவருவதும் தவறு. நடுவில் ஒரு துணி இருக்கட்டும்.

இன்னொன்று வியர்வை. ஊட்டிக் குளிரில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு வியர்த்துக் கொட்டினால் அது சர்க்கரை தாழ்வாக இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். இன்சுலின் போடுகிறவர் என்றால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள், பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நெஞ்சில் வலியோ பாரமோ இருந்தால் அந்த நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். சரிவில் கொழுந்து பறிப்பவர்கள் மடியில் நாலு சர்க்கரைக் கட்டி இல்லாமல் போகவே கூடாது.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவைப் பற்றிப் பேசும்போதே அவர் இடுப்பு என் கண்ணில் பட்டது. 34 வயது, 102 கிலோ. "தம்பி, உங்க சர்க்கரையைப் பார்த்திருக்கீங்களா?" பார்த்ததில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 8.4 வந்தது, சர்க்கரை நோய்தான். அவர் கேட்ட மருந்து அவருக்குத்தான் பொருந்தியது.

எண்களைச் சொல்லிவிடுகிறேன், விளம்பரம் சொல்வதைவிட இது நிதானமானது. சர்க்கரை இல்லாத பருமனானவர்களில் செமாகுளுட்டைடு 2.4 மில்லிகிராம் 68 வாரத்தில் சராசரி 14.9 சதவீத எடையைக் குறைத்தது. டிர்செபடைடு 15 மில்லிகிராம் 72 வாரத்தில் 20.9 சதவீதம். இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்விலும் டிர்செபடைடுதான் முன்னே நின்றது: 20.2-க்கு 13.7. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு எடை இவ்வளவு இறங்குவதில்லை, செமாகுளுட்டைடில் 9.6, டிர்செபடைடில் 14.7 என்ற அளவில்தான். நிறுத்தினால் என்ன ஆகும்? செமாகுளுட்டைடை நிறுத்தியவர்களுக்கு ஒரே வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு எடை திரும்பி வந்தது. கல்யாணத்துக்கு மூன்று மாதம் போட்டுக்கொள்கிறேன் என்று வருபவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பதில்லை.

செலவும் உண்டு. இந்தியாவுக்கு வந்தபோது மவுன்ஜாரோவின் ஆரம்ப அளவு ஒரு குப்பி 3,500 ரூபாய். மாதம் நான்கு வேண்டும். இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கும் வரும். அதனால்தான் செமாகுளுட்டைடை 0.25 மில்லிகிராமிலும் டிர்செபடைடை 2.5-லும் தொடங்கி, நான்கு வாரம் கழித்துத்தான் ஏற்றுகிறோம். அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். ஊசி போட்ட அடுத்த இரண்டு நாளில் மேட்டுப்பாளையம் வளைவுகளில் பேருந்தில் இறங்குவதைத் தள்ளிப்போட முடிந்தால் போடுங்கள். குளிரில் நமக்குத் தாகமே தெரியாது. வாந்தியும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும், வெந்நீராவது குடித்துக்கொண்டே இருங்கள். வயிற்றின் மேல்பகுதியில் தொடங்கி முதுகுக்குப் பாயும் விடாத வலி என்றால் கணைய அழற்சியாக இருக்கலாம், அன்றைக்கே வர வேண்டும்.

முன்பே கணைய அழற்சி வந்தவர்கள் அதை மறைக்காமல் சொல்லுங்கள். குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இவை கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் செமாகுளுட்டைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு தொடங்கும்போதும் அளவை ஏற்றும்போதும் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறவர்களுக்கு, சர்க்கரை தாழ்ந்துவிடாமல் இருக்க அதைக் குறைக்க வேண்டிவரும். விழித்திரையைப் பரிசோதிக்காமல் தொடங்குவதில்லை என்பது என் வழக்கம். சர்க்கரை வேகமாக இறங்கும்போது, ஏற்கெனவே பாதித்த விழித்திரை மோசமாகலாம். எடையோடு தசையும் கரையும் என்பதால் பயறு, முட்டை, அவரை தட்டில் கட்டாயம் வேண்டும்.

மகனுக்குக் கண் பரிசோதனை முடிந்து, ஜனவரியில் தொடங்கினோம். முதல் நாள் சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு அதை வாங்கினார். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி இடம் பார்த்து, தோலை லேசாகப் பிடித்து, "மூச்சை விடுடா" என்று சொல்லிப் போட்டுவிட்டார்.

"அடுத்த வாரம் இந்தப் பக்கம் போடக் கூடாது, அந்தப் பக்கம்" என்றார் மகனிடம்.