ஓரியன்டேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்: கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான பயிற்சி விதிகள்

உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவருக்கு முதல் பதவி உயர்வு எப்போது வரும் என்று கேட்டால், எல்லோரும் ஆண்டுக் கணக்கைச் சொல்வார்கள். முனைவர் பட்டம் இருந்தால் 4 ஆண்டு, எம்.ஃபில். என்றால் 5, இரண்டும் இல்லையென்றால் 6. கணக்கு சரிதான். ஆனால் ஆண்டு நிறைந்துவிட்டால் மட்டும் உயர்வு வந்துவிடாது. பயிற்சிச் சான்றிதழ்களும் கையில் இருக்க வேண்டும். இதைப் பலரும் கடைசி ஆண்டில்தான் கவனிக்கிறார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2018 ஜூலையில் வெளியிட்ட ஒழுங்குமுறை விதிகளில் இவை எல்லாம் இருக்கின்றன. இந்தப் பதவி உயர்வு முறைக்குப் பணி மேம்பாட்டுத் திட்டம் என்பது முழுப்பெயர்; ஊழியர்கள் வாயில் அது சிஏஎஸ். உதவிப் பேராசிரியர் சேரும் ஊதிய நிலை 10. அங்கிருந்து நிலை 11-க்குப் போக 21 நாள் ஓரியன்டேஷன், அதாவது கற்பித்தல் முறை பற்றிய அறிமுகப் பயிற்சி ஒன்றை முடித்திருக்க வேண்டும். அதோடு ஒரு ரிஃப்ரெஷர் (புத்தாக்கப் பயிற்சி) அல்லது ஆராய்ச்சி முறையியல் படிப்பு வேண்டும். அது முடியாதவர்கள் குறைந்தது 5 நாள் நடக்கும் பயிலரங்கு, பாடத்திட்ட மேம்பாட்டுப் பட்டறை, ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி (எஃப்டிபி) போன்றவற்றில் இரண்டை முடிக்கலாம். மின்சான்றிதழுடன் ஓர் இணையவழிப் படிப்பை முடிப்பதற்கும் வழி உண்டு. நிலை 11-லிருந்து 12-க்கு 5 ஆண்டுப் பணியும், 10 நாள் பயிற்சியும் தேவை. பத்து நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கவில்லையா, அதற்குப் பதில் ஐந்து ஐந்து நாளாக இரண்டு பயிற்சிகள் போதும். ஆய்வுக் கட்டுரை முதலான மற்ற நிபந்தனைகளும் உண்டு. அவற்றைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

இங்கே ஓரியன்டேஷனை மட்டும் தனியாகப் பாருங்கள். மற்றதற்கெல்லாம் மாற்று வழி இருக்கிறது. இதற்கு இல்லை.

அதே விதிகளில் தேதி பற்றி ஒரு பிரிவு இருக்கிறது. பணியில் இருக்கும் ஒவ்வொருவரும் அதைப் படித்திருக்க வேண்டும். தகுதிக்காலம் முடிந்ததும் விண்ணப்பித்துத் தேர்வானால், தகுதிக்காலம் முடிந்த நாளிலிருந்தே உயர்வு கணக்கிடப்படும். நிபந்தனை பிற்பாடுதான் நிறைவேறியது, அப்போதுதான் விண்ணப்பித்தோம் என்றால், நிபந்தனை நிறைவேறிய நாளிலிருந்துதான் உயர்வு. இடைப்பட்ட காலம் திரும்ப வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் 2020 ஜூலை 1 அன்று நிலை 10-ல் அடிப்படை ஊதியம் ரூ.57,700-க்குச் சேர்கிறார். நான்கு ஊதிய உயர்வுகளுக்குப் பின் 2024 ஜூலையில் அவர் ரூ.64,900 வாங்குவார். அன்றே நிலை 11 கிடைத்தால் ரூ.68,900. மாதம் 4,000 ரூபாய் வித்தியாசம். ஓரியன்டேஷனை அவர் 2026 ஜனவரியில்தான் முடித்து விண்ணப்பிக்கிறார் என்றால், அந்த 18 மாதத்தில் அடிப்படை ஊதியத்தில் மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல் போய்விடும். அகவிலைப்படியை நான் சேர்க்கவில்லை. அடுத்த நிலைக்கான 5 ஆண்டும் அந்தத் தாமதத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும். இழப்பு ஓய்வு பெறும்வரை கூடவே வரும். 21 நாள் பயிற்சிக்காக இவ்வளவு இழக்க வேண்டுமா?

பயிற்சி எங்கே நடக்கிறது? 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 1987 வாக்கில் பல்கலைக்கழகங்களில் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்ற மையங்கள் தொடங்கின. பின்னர் அவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023 செப்டம்பரில் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சித் திட்டம் வந்தபோது இவையும் வேறு சில நிறுவனங்களும் சேர்ந்து 111 மையங்களாக மாறின. தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார், திருச்சி பாரதிதாசன் ஆகிய இடங்களில் இவை நெடுங்காலமாக நடக்கின்றன. யுஜிசியின் மாளவியா மிஷன் தளத்தில் பயிற்சிப் பட்டியல் இருக்கும், பதிவும் அங்கேதான்.

அங்கே பதியும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘தேசியக் கல்விக் கொள்கை ஓரியன்டேஷன்’ என்ற பெயரில் இணையவழியில் ஒரு குறும்பயிற்சி நடக்கிறது. பெயரில் ஓரியன்டேஷன் இருப்பதால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். விதி கேட்பது 21 நாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் தேட வேண்டியது ‘ஃபேகல்டி இண்டக்‌ஷன் புரோகிராம்’ என்னும் ‘குரு தக்ஷதா’. ஏறத்தாழ ஒரு மாதம் நடக்கும் அதை ஓரியன்டேஷனுக்கு நிகராக யுஜிசி ஏற்கிறது.

சான்றிதழ் கிடைத்தவுடன் பெயர், பயிற்சியின் வகை, தொடங்கிய தேதி, முடிந்த தேதி நான்கையும் சரிபாருங்கள். மதிப்பீட்டுக் காலத்துக்குள் அந்தத் தேதிகள் வர வேண்டும். துறைத்தலைவரின் ஒப்புதல், பணிவிடுவிப்பு ஆணை, திரும்பிச் சேர்ந்த அறிக்கை மூன்றின் நகலையும் அதே கோப்பில் போட்டு வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்துத் தேர்வுக்குழு கேட்கும்போது அலுவலகத்தில் தேடினால் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

விடுப்புதான் பலருக்குத் தடை. “வகுப்பை யார் எடுப்பது?” என்று கேட்டு விண்ணப்பத்தை மேசையிலேயே வைத்துவிடும் துறைகள் உண்டு. வகுப்பு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் யுஜிசி விதிப்படி ஒரு கல்வியாண்டில் 30 நாள்வரை பணிநிமித்த விடுப்பு, நாம் ஓ.டி. என்று சொல்வது, வழங்கலாம். ஓரியன்டேஷன், ரிஃப்ரெஷர், கருத்தரங்கு எல்லாம் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கின்றன. முழு ஊதியத்தோடு வழங்கலாம் என்பதும் அங்கேயே இருக்கிறது. முப்பது நாள் போதாவிட்டால் ஈட்டிய விடுப்பைச் சேர்த்துக்கொள்ளவும் இடமுண்டு. விண்ணப்பத்தில் இந்த விதியைக் குறிப்பிட்டு, மாற்று வகுப்பு அட்டவணையையும் இணைத்துக் கொடுத்தால் மறுப்பது கடினம். துறைத்தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பருவத் தொடக்கத்திலேயே இந்த ஆண்டு யார் போவது என்று பேசி முடிவு செய்துவிடுங்கள்.

நீண்ட படிப்புக்குக் கல்வி விடுப்பு இருக்கிறது. 3 ஆண்டு தொடர்பணி முடித்த உதவிப் பேராசிரியர் கேட்கலாம். முதலில் 2 ஆண்டு, வழிகாட்டியின் முன்னேற்ற அறிக்கை நன்றாக இருந்தால் இன்னும் ஓராண்டு. திரும்பி வந்து குறைந்தது 3 ஆண்டு பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும்.

நூலகர்களுக்கும் உடற்கல்வி இயக்குநர்களுக்கும் இந்த விதிகள் உண்டு. உதவி நூலகர் நிலை 11-க்குப் போக 21 நாள் ஓரியன்டேஷனோடு, நூலகத் தானியக்கம், மின்மயமாக்கம் பற்றிய 5 நாள் பயிற்சியும் வேண்டும்.

கௌரவ விரிவுரையாளர்களுக்கு சிஏஎஸ் கிடையாது. ஆனால் பயிற்சிக் கதவு அவர்களுக்கு மூடப்படவில்லை. மூன்று கல்வியாண்டு கற்பித்த தற்காலிக, ஒப்பந்த ஆசிரியர்களையும் சேர்க்கலாம் என்று மனிதவள மையங்களுக்கான யுஜிசி வழிகாட்டுதலிலேயே இருந்தது. பல கல்லூரிகளில் பாதி வகுப்புகளைத் தாங்கி நிற்பவர்கள் அவர்கள்தான். அவர்களை அனுப்பிவைக்கும் கடமை முதல்வர்களுக்கு இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

அலுவலக ஊழியர்களின் நிலைதான் வருத்தம் தருகிறது. தேர்வுப் பிரிவிலும் கணக்குப் பிரிவிலும் இருப்பவர்களை 2018 விதிகள் தொடவே இல்லை. மையங்கள் அவ்வப்போது அவர்களுக்குக் குறுகிய பயிற்சி நடத்துகின்றன. சுற்றறிக்கை பதிவாளர் அலுவலகத்துக்கு வரும். வந்ததா என்று பருவத்துக்கு ஒருமுறை அங்கே போய்க் கேளுங்கள். வந்திருந்தால் அன்றே எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள்.