மதுரைக்கு இரண்டு நாள் வருகிறவர்களே, நடை சாத்தும் நேரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்

போன சனிக்கிழமையும் அதே கதைதான். பகல் ஒரு மணி வெயிலில் கிழக்குச் சித்திரை வீதியில் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. எழுபதைத் தாண்டிய பாட்டி, மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள், கல் சுடுகிறது, பிள்ளைகள் கால் மாற்றிக் கால் வைத்து ஆடுகின்றன, கோயில் நடை சாத்தியாயிற்று. என் கழுத்தில் தொங்கும் வழிகாட்டி அட்டையைப் பார்த்துவிட்டு மகன் வந்து, "அண்ணே, எப்போ திறப்பாங்க?" என்று கேட்டார். நாலு மணிக்கு என்றேன். "நாலு மணிக்கு நாங்க அழகர்கோவில்ல இருக்கணுமே" என்று போனை நீட்டினார். 12.30 மீனாட்சி கோயில், 2.00 திருப்பரங்குன்றம், 3.00 அழகர்கோவில், 5.00 மஹால், மறுநாள் ராமேஸ்வரம். யாரோ வாட்ஸாப்பில் அனுப்பிய பட்டியல். பாட்டி மட்டும், "விடுப்பா, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கிறேன்" என்றார்.

இத்தனை வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், இந்தப் பட்டியலைப் பார்க்காத வாரம் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மீனாட்சியம்மன் கோயில் நாள் முழுக்கத் திறந்திருக்காது. விடிகாலை ஐந்து மணியளவில் திறப்பார்கள், பகல் 12.30 மணியளவில் நடை சாத்துவார்கள், மறுபடி திறப்பது மாலை 4 மணிக்கு, இரவு பத்து மணி வாக்கில் முடியும். விசேஷ நாட்களில் இது கொஞ்சம் முன்பின்னாக மாறும். திருப்பரங்குன்றத்திலும் மதியம் சாத்துவார்கள், அழகர்கோவிலிலும் சாத்துவார்கள், கூடலழகர் கோயிலிலும் சாத்துவார்கள். உங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலையே பதினொன்றரைக்குப் பூட்டிக்கொண்டு ஐயர் வீட்டுக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். பெரிய கோயில் என்றதும் அது எப்படி மறந்துபோகிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை. "மத்தியானம் போனா கூட்டம் இருக்காது" என்று ஒரு கணக்கு வேறு. கூட்டம் இருக்காதுதான், கதவு மூடியிருக்குமே! சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கினால் விடமாட்டார்களா, தெரிந்தவர் மூலம் போனால் விடமாட்டார்களா, வெளியூர்க்காரர்கள் என்று சொன்னால் விடமாட்டார்களா என்று கேட்பவர்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரே பதில்: விடமாட்டார்கள். சிறப்புச் சீட்டு வரிசையைத்தான் குறைக்கும், சாத்திய நடையைத் திறக்காது. பதினொன்றரைக்கு ஓடிவந்து வரிசையில் நிற்பதும் கிட்டத்தட்ட அதே கதைதான். அம்மன் சன்னதி ஒருவழியாகக் கிடைக்கும், சுவாமி சன்னதிக்குப் போவதற்குள் கிளம்பச் சொல்லிவிடுவார்கள்.

ஆகவே மதுரைத் திட்டத்தை நடை நேரத்தை வைத்துத்தான் போட வேண்டும். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை என்று கோயிலுக்கு இரண்டு தடவை போங்கள். காலை ஆறு, ஆறரைக்குள் உள்ளே இருந்தால் கல் குளிர்ந்திருக்கும், நிதானமாகத் தூண்களைப் பார்க்கலாம். கம்பத்தடி மண்டபத்தில் திருக்கல்யாணச் சிற்பம் இருக்கிறது. அண்ணன் பெருமாள் தங்கையின் கையைப் பிடித்துக் கொடுக்கிறார், மீனாட்சி தலையைக் கொஞ்சம் தாழ்த்தி நிற்கிறாள். தடாதகை என்ற பாண்டிய இளவரசியாகப் படை நடத்தித் திக்விஜயம் போனவள் அவள், அந்தத் தலைச் சாய்ப்பு ஒன்றுக்காகவே அந்தச் சிற்பி எந்த ஊர்க்காரரோ என்று நான் யோசிப்பதுண்டு. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இது கண்ணில் படாது. ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985 என்பதை மட்டும் எல்லோரும் சரியாகச் சொல்கிறார்கள். வடக்குக் கோபுரப் பக்கத்து இசைத்தூண்களைச் சாவியாலும் சில்லறைக் காசாலும் தட்டிப் பார்க்கிறார்களே, தயவுசெய்து அதை நிறுத்துங்கள். பிள்ளைகள் தட்டினால் கையைப் பிடியுங்கள்.

இரவில் போவது பள்ளியறை பூஜைக்காக. ஒன்பது, ஒன்பதரை வாக்கில் சுவாமியின் பாதத்தைப் பல்லக்கில் வைத்து மேளதாளத்தோடு அம்மன் பள்ளியறைக்கு எடுத்துப் போவார்கள். தினமும் நடக்கிறது. அந்த நேரத்துக்கு வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் பரோட்டாக் கடை வாசலில் டேபிளுக்குக் காத்திருப்பார்கள். பரோட்டா பத்தரைக்கும் கிடைக்கும், இது மதுரை.

செல்போன் உள்ளே கிடையாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத் தீ விபத்துக்குப் பிறகு, உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் வந்த தடை அது. கவுன்ட்டரில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். போன் இல்லாமல் உள்ளே ஆளைத் தொலைத்தால் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் யோசிப்பதில்லை, அதனால் நுழையும் முன்பே ஓர் இடத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: முக்குறுணி விநாயகர் முன்பு, அல்லது பொற்றாமரைக் குளத்துப் படி. பிள்ளைகளின் சட்டைப் பையில் அப்பா நம்பர் எழுதிய துண்டுச்சீட்டு ஒன்று இருக்கட்டும். அப்புறம் எந்த வாசலில் செருப்பு விட்டீர்கள் என்பதை மறக்காதீர்கள். வெளிக் கோபுரங்கள் நான்கும் ஒன்பது நிலை, புதிதாக வருகிறவர்களுக்கு நான்கும் ஒன்றாகத்தான் தெரியும். தெற்கே செருப்பை விட்டுவிட்டு வடக்கே வெளியே வந்து, பதினொன்றரை வெயிலில் சித்திரை வீதியைச் சுற்றி வெறுங்காலோடு நடந்து பாதம் கொப்பளித்துப் போனவர்களைக் கூட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போவது என் வேலையில் ஒரு பகுதியாகிவிட்டது. சர்க்கரை நோய் இருப்பவர்களில் பலருக்குக் காலில் சூடு உறைக்காது, அவர்கள் விஷயத்தில் விளையாட வேண்டாம். அரைக்கால் சட்டை, லுங்கி, கையில்லாத சட்டை எல்லாம் அறையிலேயே இருக்கட்டும்.

நடை சாத்தியிருக்கும் மதியத்தில் என்ன செய்வது? கூரை உள்ள இடத்துக்குப் போங்கள். திருமலை நாயக்கர் மஹால் பக்கத்திலேயே இருக்கிறது. 1636இல் கட்டியது, இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது ஒரு பகுதியைப் பெயர்த்துக்கொண்டு போனார், மிச்சம் இடிந்துகொண்டிருந்ததை நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோது பழுது பார்த்தார். அந்தத் தூண்களில் காதலியின் பெயரைக் கீறுபவர்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் பதிவு நீண்டுவிடும். வைகைக்கு வடகரையில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் காந்தி அருங்காட்சியகம், 1959இல் திறந்தது, சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. மதிய இடைவேளை அங்கேயும் உண்டு, கேட்டுக்கொண்டு போங்கள். காந்தி மேல்சட்டையை விட்டு அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பர் 22ஆம் தேதி, மேலமாசி வீதியில் ஒரு வீட்டில். கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். பெரியவர்கள் கூட இருந்தால் இதெல்லாம்கூட வேண்டாம், சாப்பிட்டுவிட்டு அறையில் தூங்கட்டும்.

இனி ராமேஸ்வரம். ஒரு வழி 170 கிலோமீட்டர். போக மூன்று மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு, அங்கேயும் மதியம் நடை சாத்துவார்கள். கொடைக்கானல் என்றால் மலைப்பாதை, 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு. இரண்டு நாளில் மூன்று ஊர் என்று கிளம்புகிறவர்கள் உண்மையில் பார்ப்பது நான்குவழிச் சாலையையும் டோல்கேட்டையும்தான். அதற்கு மதுரை எதற்கு?

ஞாயிற்றுக்கிழமைக்கு என் யோசனை இது. விடிந்ததும் கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமரம். பாறையில் வெட்டிய படியேறினால் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு. "அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி" என்று ஒன்று சொல்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்பு மகன் துறவியாகப் போனபின் அவன் தாய் செய்து வைத்த சிலை. நான் கூட்டிப்போகிறவர்களில் அம்மாக்கள் அந்த இடத்தைவிட்டு லேசில் நகர மாட்டார்கள். ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும், மேலே கடை கிடையாது. பிறகு குளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கீழடி, ஊரிலிருந்து 12 கிலோமீட்டர்தான். அங்கே அகழாய்வில் கிடைத்த பொருட்களை வைத்திருக்கும் அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது. "வெறும் பானை ஓடுதானே" என்று வந்தவர்கள் அதே ஓட்டில் ஆதன், குவிரன் என்று ஆள் பெயரைப் பார்த்ததும் அமைதியாகிவிடுகிறார்கள்.

எந்த வாரம் வருவது என்பதும் முக்கியம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் 'சும்மா ஊர் சுற்ற' வராதீர்கள். திருவிழா பார்க்க என்றால் வாருங்கள், அறையை வெகுநாள் முன்பே பிடித்துக்கொண்டு. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம், வரிசை வீதிவரை வரும். சென்னைக்காரர்களுக்குச் சுலபம்: வெள்ளி இரவு ரயிலேறினால் விடிகாலை இங்கே. ஸ்டேஷனிலிருந்து கோயில் நடக்கிற தூரம்தான், அறையும் அந்தப் பக்கமே இருந்தால் மதியம் போய்ப் படுத்துவிட்டு வரலாம்.

கடைசியாக எங்கள் தொழில் சங்கதி ஒன்று. கோயிலைச் சுற்றி, "மாடியிலிருந்து கோபுரம் எல்லாம் தெரியும், இலவசம், வாங்க சார்" என்று கூப்பிடுவார்கள். கோபுரம் தெரியும்தான், ஆனால் இறங்கும் வழி கைவினைக் கடை வழியாகத்தான், கூட்டி வந்தவருக்கு அங்கே கமிஷன். வாங்கப் பிடித்தால் வாங்குங்கள், முதலில் சொன்ன விலைக்கு மட்டும் வாங்காதீர்கள். வழிகாட்டி வைத்துக்கொள்வதென்றால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், என்னிடமும் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் என்பதைக் கோயிலுக்குள் நுழையும் முன்பே பேசி முடியுங்கள், வெளியே வந்தபின் பேசினால் இருவருக்கும் மனக்கசப்புதான்.