மாவட்டத் திட்டக்குழு: யார் இருக்கிறார்கள், என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது

நகராட்சி லாரி குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டும் இடம் பல ஊர்களில் பக்கத்துக் கிராம ஊராட்சியின் எல்லைக்குள் இருக்கிறது. டவுன் சாக்கடை போய்ச் சேரும் ஏரியும் அப்படித்தான். கிராம சபையில் எத்தனை தீர்மானம் போட்டாலும் அது நகராட்சியைக் கட்டுப்படுத்தாது. நகராட்சி மன்றத்தில் அந்தக் கிராமத்துக்காரருக்குப் பேச இடமில்லை. ஊராட்சிக்கு மேலே ஊரக வளர்ச்சித் துறை, நகராட்சிக்கு மேலே நகராட்சி நிர்வாகத் துறை. கடைசியில் இரண்டு தரப்பும் கலெக்டரிடம் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்.

இந்த இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைக்க அரசியலமைப்புச் சட்டத்திலேயே ஒரு குழு உண்டு. 1992-ல் நிறைவேறி, 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-வது திருத்தம் கொண்டுவந்த 243 இசட்.டி. பிரிவு, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு மாவட்டத் திட்டமிடும் குழு வேண்டும் என்கிறது. பேச்சு வழக்கில் மாவட்டத் திட்டக்குழு. தமிழ்நாட்டில் 1994-ஆம் வருட ஊராட்சிகள் சட்டத்தின் 241-வது பிரிவு இதற்கு வழி செய்கிறது.

குழுவின் வேலையைச் சட்டம் சுருக்கமாகவே சொல்கிறது. மாவட்டத்தில் உள்ள ஊராட்சிகளும் நகர அமைப்புகளும் தயாரித்த திட்டங்களைத் தொகுக்க வேண்டும். மாவட்டம் முழுமைக்கும் ஒரு வரைவு வளர்ச்சித் திட்டம் போட வேண்டும். அதைக் குழுத் தலைவர் மாநில அரசுக்கு அனுப்ப வேண்டும். வரைவு போடும்போது எதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று வரும் இடம்தான் முக்கியம். கிராமத்துக்கும் நகரத்துக்கும் பொதுவான விஷயங்கள் என்று அங்கே சில பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கின்றன: நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது, தண்ணீரையும் மற்ற இயற்கை வளங்களையும் எப்படிப் பங்கிடுவது, சாலை போன்ற கட்டமைப்புகளைச் சேர்ந்து எப்படி அமைப்பது, சுற்றுச்சூழலை எப்படிக் காப்பது. குப்பைக் கிடங்கும் ஏரியும் இதற்குள்தான் வருகின்றன.

சரி, யார் இதில் உறுப்பினர்? ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள் தேர்தல் மூலம் வர வேண்டும். மாவட்ட ஊராட்சிக் குழு உறுப்பினர்களும், மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி கவுன்சிலர்களும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுப்பார்கள். எந்தப் பக்கத்துக்கு எத்தனை இடம் என்பது மாவட்டத்தின் கிராம, நகர மக்கள்தொகை விகிதப்படி. உதாரணமாக, தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் 12 பேர், மாவட்ட மக்களில் மூன்றில் இரண்டு பங்கு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 பேர் மாவட்ட ஊராட்சியிலிருந்து, 4 பேர் நகர அமைப்புகளிலிருந்து வருவார்கள். தமிழ்நாட்டில் மாவட்ட ஊராட்சித் தலைவரே குழுவுக்கும் தலைவர். கலெக்டர் துணைத் தலைவர்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. பேரூராட்சியின் சாதாரண வார்டு கவுன்சிலருக்கு இந்தத் தேர்தலில் ஓட்டு உண்டு, நிற்கவும் செய்யலாம். கிராம ஊராட்சித் தலைவருக்கு இரண்டும் இல்லை. ஒன்றியக் கவுன்சிலருக்கும் இல்லை. கிராமத் தரப்பில் மாவட்ட ஊராட்சி உறுப்பினர்களுக்கு மட்டுமே அந்த உரிமை. குப்பை வந்து விழும் ஊரின் தலைவர், தன் பகுதி மாவட்டக் கவுன்சிலரை நம்பித்தான் இருக்க வேண்டும். அந்தக் கவுன்சிலர் யாரென்றே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது என்பது வேறு கதை.

இனி, குழுவால் முடியாதது. வரைவு போடலாம், அனுப்பலாம். அதற்கு மேல் மாநில அரசு அந்தத் திட்டத்தை ஏற்றே ஆக வேண்டும் என்றோ, அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்றோ அரசியலமைப்புச் சட்டம் சொல்லவில்லை. பல ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தையும் கிராமத்தையும் ஒரே குழாயில் இணைக்கும் இந்த வேலையைத் திட்டமிட்டுக் கட்டுவது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். ஊராட்சிகளுக்கு வரும் 15-வது நிதிக்குழு மானியத்திலோ 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று முன்பே கட்டிப்போட்டுத்தான் வந்தது. மாவட்டத் திட்டத்துக்கென்று மிஞ்சும் இடம் குறைவு.

பணம் குழு வழியாகப் போனபோது நிலைமை வேறாக இருந்தது. 2006-07-ல் மத்திய அரசு 250 மாவட்டங்களுக்குப் பின்தங்கிய பகுதிகள் மானிய நிதியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய ஆறு மாவட்டங்கள் அதில் இருந்தன. ஊராட்சி, நகராட்சித் திட்டங்களை மாவட்டத் திட்டக்குழு தொகுத்துத் தந்தால்தான் பணம் என்பது நிபந்தனை. குழுவைக் கூட்டாமல் வேறு வழியில்லை. 2015-ல் மத்திய அரசு அந்த நிதியை நிறுத்திவிட்டது. அதே வருடம் திட்டக் கமிஷன் இருந்த இடத்தில் நிதி ஆயோக் வந்தது. 2017-ல் ஐந்தாண்டுத் திட்டங்களே முடிந்துபோயின. மாவட்டத் திட்டம் மாநிலத் திட்டத்தில் போய்ச் சேரும் என்று நினைத்து எழுதிய சட்டம் இது. போய்ச் சேர வேண்டிய இடமே இப்போது மங்கலாகிவிட்டது.

கேரளத்தில் இன்றும் நிலைமை வேறு. 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடிவானது. அங்கே குழுவில் 15 பேர்: தேர்தலில் வந்த 12 பேர், மாவட்டப் பஞ்சாயத்துத் தலைவர், கலெக்டர், அரசு நியமிக்கும் நிபுணர் ஒருவர். உள்ளாட்சிகள் தங்கள் வருடாந்தரத் திட்டத்துக்கு இந்தக் குழுவின் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் வேலையைத் தொடங்க முடியும். அரசியலமைப்புப் பிரிவு இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றுதான். நிதி குழுவின் மேசையைத் தாண்டிப் போகிறதா, மேசைக்கு வருகிறதா என்பதில்தான் வித்தியாசம்.

தமிழ்நாட்டில் இன்னொரு தொல்லை, உள்ளாட்சித் தேர்தல்களின் இடைவெளி. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, ஊரகத் தேர்தல் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில். இரண்டு பக்கமும் கவுன்சிலர்கள் வந்த பிறகு, 2023 ஜூனில் திட்டக்குழு உறுப்பினர்களுக்குத் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோ, 2019-ல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தேர்தலில் வந்த திட்டக்குழு ஒன்றரை வருடம்தான் தாங்கியது. மாவட்ட ஊராட்சித் தலைவரே இல்லாதபோது குழுவுக்குத் தலைவர் எங்கிருந்து வருவார்?

பெருநகரங்களுக்கு இதே போல 243 இசட்.இ. பிரிவின்படி பெருநகரத் திட்டமிடும் குழு உண்டு. 10 லட்சமோ அதற்கு மேலோ மக்கள் வாழும் பெருநகரப் பகுதிக்கு அது. மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் நகர அமைப்பு, ஊராட்சிப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுத்து வர வேண்டும். இதைச் சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 1971-ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் அரசு அமைப்பு.

உங்கள் ஊரில் இப்படி எல்லை தாண்டிய பிரச்சினை இருந்தால், கிராம சபைத் தீர்மானத்தைப் பொதுவாக எழுதாமல், ‘மாவட்ட வரைவு வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கக் கோருகிறோம்’ என்றே எழுதச் சொல்லுங்கள். நகல் ஒன்று மாவட்ட ஊராட்சி அலுவலகத்துக்கும் ஒன்று கலெக்டருக்கும் போகட்டும். டவுன்காரர்கள், கிராம சபை போல நகரத்தில் கூடும் பகுதி சபாவில் இதையே கேட்கலாம். அப்புறம், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போடுங்கள்: திட்டக்குழு கடைசியாக எப்போது கூடியது, கூட்டக் குறிப்பின் நகல், கடைசியாக அரசுக்கு அனுப்பிய வரைவுத் திட்டத்தின் நகல். 30 நாளில் பதில் தர வேண்டும். வரைவே அனுப்பவில்லை என்று பதில் வந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை மாவட்டக் கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வரும்போது காட்டலாம்.