மனைப்பிரிவு வரைபடத்தில் பச்சையாகக் காட்டிய இடம் யாருடையது?

மனை விற்கும்போது தரும் வரைபடத்தில் ஒரு மூலை பச்சை நிறத்தில் இருக்கும், மேலே 'பூங்கா' என்று எழுதியிருக்கும். பத்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் அங்கே சீமைக்கருவேலம் மண்டியிருக்கும், இல்லையென்றால் யாரோ கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போட்டிருப்பார்கள். பேரூராட்சிகளிலும் சின்ன நகராட்சிகளிலும் இது அடிக்கடி நடக்கிறது. கேட்க ஆளில்லை என்பதைவிட, என்ன கேட்க வேண்டும் என்று தெரியாததுதான் பெரிய காரணம்.

இந்த இடத்துக்குத் 'திறந்தவெளி ஒதுக்கீடு' என்று பெயர். அலுவலகங்களிலும் மனை வியாபாரத்திலும் 'ஓ.எஸ்.ஆர்.' என்றால்தான் உடனே புரியும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் ஒதுக்கீடு தேவையில்லை. அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதம் ஒதுக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடான நில மதிப்பைப் பணமாகக் கட்டலாம். ஆகவே சின்ன மனைப்பிரிவில் பூங்கா இல்லாமலிருந்தால் அது தவறாகத்தான் இருக்கும் என்று இல்லை. 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், பணம் கட்டித் தப்பிக்க வழியே கிடையாது. இடத்தைத்தான் கொடுத்தாக வேண்டும். ஐந்து ஏக்கர் மனைப்பிரிவில் சாலைக்கு ஒரு ஏக்கர் போனால், மீதி நான்கு ஏக்கரில் 40 சென்ட் பொது இடம்.

சரி, வரைபடத்தில் ஒதுக்கியாயிற்று. அதனால் மட்டும் இடம் ஊருக்குச் சொந்தமாகிவிடாது. மனை போட்டவர் அதை உள்ளாட்சி அமைப்பின் பெயருக்கு இலவசமாக, பதிவு செய்த தானப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுக்க வேண்டும். நகர் ஊரமைப்பு அலுவலகத்தின் தொழில்நுட்ப அனுமதி வந்தபின், உள்ளாட்சி இறுதி ஒப்புதல் தருவதற்கு முன்னால் இது நடக்க வேண்டும்.

அப்புறம் ஒரு வேலை இருக்கிறது. பெரும்பாலான ஊர்களில் கோட்டை விடுவது இங்கேதான். தானப் பத்திரம் பதிவானதும் அந்த இடத்தைத் தனியாக உட்பிரிவு செய்து, பட்டாவை உள்ளாட்சியின் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் பத்திரம் ஒரு பீரோவில் தூங்கும், வருவாய்க் கணக்கில் பழைய உரிமையாளர் பெயரே நிற்கும். அவர் காலத்துக்குப் பிறகு வாரிசுகள் பட்டாவைக் காட்டி விற்க வருவார்கள். வாங்குகிறவர் வில்லங்கம் சரியாகப் பார்க்காமல் வாங்கி வீடும் கட்டிவிட்டால், பிறகு நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டியதுதான். எங்கள் பகுதியில் இப்படி ஒரு இடத்துக்காக நடையாய் நடந்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டா மாற்றக் கேட்டு அன்றே ஒரு மனு கொடுத்திருந்தால் அத்தனை அலைச்சல் இருந்திருக்காது.

இடம் உள்ளாட்சியின் கைக்கு வந்த பிறகும் அதை நினைத்தபடி பயன்படுத்த முடியாது. பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகளைக் காப்பதற்கென்றே 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் ஒன்று இருக்கிறது. உள்ளாட்சி அமைப்பு இந்த இடங்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும் என்றும், பட்டியலில் உள்ள இடத்தை அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் அது சொல்கிறது.

'நல்ல காரியத்துக்குத்தானே கேட்கிறோம்' என்ற வாதம் எல்லா ஊரிலும் வரும். பெங்களூரிலும் வந்தது. ராஜ்மஹால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கு விட்டிருந்த இடத்தை மருத்துவமனை கட்ட ஒரு தனியார் அறக்கட்டளைக்கு ஒதுக்கினார்கள். அப்பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. பூங்கா எல்லோருக்கும் பொதுவானது, தனியார் மருத்துவமனை அதற்கு மாற்றாகாது. மருத்துவமனைக்கே இப்படி என்றால், வணிக வளாகத்துக்கும் வாகன நிறுத்தத்துக்கும் என்ன பதில் என்று சொல்லத் தேவையில்லை.

உங்கள் பகுதிக்கு என்ன செய்யலாம்? முதலில் பத்திரத்தில் மனைப்பிரிவின் அனுமதி எண்ணையும் சர்வே எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால், பதிவான தானப் பத்திரம் தெரியவரும். வருவாய்த்துறையின் இணையச் சேவையில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கலாம்.

அதோடு நகராட்சி அல்லது பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமை மனு ஒன்று போடுங்கள். 'இந்த அனுமதி எண் கொண்ட மனைப்பிரிவின் ஒப்புதல் வரைபட நகல், பொது இடங்களுக்கான தானப் பத்திர நகல், பட்டா மாற்றிய உத்தரவின் நகல் வேண்டும்' என்று மூன்றையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். 'பூங்கா என்னவாயிற்று' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

பத்திரம் இருக்கிறது, பட்டா மாறவில்லை என்றால், நகராட்சி ஆணையருக்கோ பேரூராட்சி செயல் அலுவலருக்கோ ஒரு மனு, வட்டாட்சியருக்கு ஒரு மனு என்று இரண்டையும் ஒரே நாளில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். நகர்வு இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். தெருவில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்ட மனுவாக இருந்தால் நல்லது. ஆக்கிரமிப்பு தொடங்கியிருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் முதல் கல் ஊன்றும் நாளிலேயே தேதி தெரியும்படி புகைப்படம் எடுத்து மனுவோடு சேருங்கள். சுவர் எழும்பி, வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் வந்துவிட்டால் அகற்றுவதற்கு வருடக்கணக்காகும்.