எஃகுத் துளையை வட்டமாக்கும் பித்தளைக் கம்பி

ட்ரில் போட்ட துளை வட்டமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். இரண்டு வெட்டுமுனை கொண்ட ட்ரில் சற்றுத் தள்ளாடினாலும், மூலை மழுங்கிய முக்கோணம் போன்ற துளைதான் கிடைக்கும். வெர்னியர் அளவுகோலைத் திருப்பித் திருப்பி வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவையே காட்டும். மை பூசிய உருண்டைக் கம்பியை இறுக்கமாக நுழைத்து எடுத்தால் குட்டு வெளிப்படும்: துளைச் சுவரில் மூன்று கோடுகளில் மட்டும் மை ஒட்டியிருக்கும். தகடு வெட்டும் அச்சில் இப்படி இருந்தால், துளைக்கும் அதில் இறங்கும் வெட்டுக்கம்பிக்கும் இடைவெளி அகன்ற பக்கமெல்லாம் பிசிறு எழும்பும்.

அச்சு இன்னும் கடினமாக்கப்படாத எஃகு என்றால் அரைவட்ட வெட்டி போதும். உருண்டை எஃகுக் கம்பியின் முனையில் பாதியை அரத்தால் ராவி, செஞ்சூடேற்றி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்து, பிறகு வைக்கோல் நிறம் வரும்வரை, அதாவது சுமார் 230 டிகிரி செல்சியஸுக்கு, மெல்லச் சூடாக்கினால் வெட்டி தயார். அதன் வளைந்த முதுகு, தான் வெட்டிய சுவரிலேயே சாய்ந்து நகர்வதால் வழி விலகாது. துளையின் வாய் மட்டும் முதலில் சரியாக இருக்க வேண்டும்.

கடினமாக்கிய அச்சில் இந்த வெட்டி வழுக்கும். அங்கேதான் பித்தளை வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த உத்தி இதுதான். பித்தளைக் கம்பியை நீளவாக்கில் பிளந்து, பிளவில் சிறு ஆப்பு செருகி, கார்போரண்டம் என்னும் மிகக் கடினமான தேய்ப்புப் பொடியை எண்ணெயில் குழைத்துப் பூச வேண்டும். பொடியின் மணிகள் மென்மையான பித்தளையில் பதிந்து நிற்கும். பதிந்த மணி ஒவ்வொன்றும் அரத்தின் பல்லாகி எஃகைச் சுரண்டும். கம்பி அச்சைவிடக் கடினமாக இருந்தால் கதை தலைகீழாகும்: மணிகள் அச்சில் பதிந்து கம்பியைத் தின்னும்.

கம்பியை லேத்தில் மெதுவாகச் சுழலவிட்டு, அச்சைக் கையில் தளர்வாகப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். இறுக்கிப் பிடிப்பது ஆபத்து. அச்சு சிக்கிக்கொண்டால் கையை முறுக்கிவிடும். தொடக்கத்தில் விட்டுவிட்டு உரசுவது விரலில் தெரியும். மேடுகள் முதலில் உரசுகின்றன, முதலில் தேய்கின்றன. உரசல் ஒரே சீராகி, சுவர் முழுவதும் மங்கிய சாம்பல் நிறம் படர்ந்தால் துளை வட்டத்துக்கு வந்துவிட்டது. இன்னும் அகலம் வேண்டுமென்றால் ஆப்பை ஒரு தட்டு தட்டலாம்.

கம்பி துளையைவிட இரண்டு மூன்று மடங்கு நீளமாவது இருக்கட்டும். துளையின் வாயருகே பொடிக் குழம்பு குவிய விட்டால் துளை புனல்போல் விரியும். அளப்பதற்கு முன் மண்ணெண்ணெயில் கழுவி ஆறவிட வேண்டும். இருந்ததைவிட 20 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறிய 10 மில்லிமீட்டர் எஃகுத் துளை ஏறத்தாழ 2.4 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதாகத் தெரியும்.